வாலில் பிடித்தது

சாம்பல் கீழே போகவில்லை. பின்னால் போனது.

தர்சிகன் அதை ஓரக்கண்ணால்தான் பார்த்தான். விமானத்தை ஓட்டுபவன் அதற்கு மேல் பார்க்க முடியாது. அவனுக்கு வலப்பக்க இருக்கையில் அண்ணன் பரமேஸ்வரன் ஜன்னலை மேலே தள்ளித் திறந்து, செம்பை இரண்டு கைகளாலும் சரித்துப் பிடித்திருந்தார். கீழே, மார்கேட் என்ற இங்கிலாந்துக் கரையோர ஊருக்கு அப்பால், கடல் ஈயத்தகடு போலக் கிடந்தது. சாம்பல் புகையாகப் பிரிந்து, மெல்லக் கலைந்து, கடலில் இறங்கும் என்றுதான் தர்சிகன் நினைத்திருந்தான். அது பிரியவில்லை. கட்டி கட்டியாக விழுந்தது. ஜன்னல் விளிம்பைத் தாண்டியதும் ஒவ்வொரு கட்டியும் விமானத்தின் உடலை ஒட்டியபடியே வாலை நோக்கி ஓடியது. தகரக் கூரையில் ஈரமண்ணை எறிவதுபோலப் பொத்துப் பொத்தென்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

“அண்ணை, அது ஏன் ஈரமாய்க் கிடக்கு?”

“பால் விட்டனான்.”

“காய்ஞ்சபடி கொண்டாங்கோ எண்டு சொன்னனான் எல்லே.”

“பால் விடாமல் எப்பிடியடா? அவ என்ன சீமெந்தே, பையோடை கொட்டுறதுக்கு?”

பின் இருக்கையில் ஜெனோஜா சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள். செம்பில் இருந்தது அவளுடைய அம்மா.

பரமேஸ்வரன் செம்பைக் கவிழ்த்து அடியில் தட்டினார். கடைசிக் கட்டி போனது. ஜன்னலை இழுத்துப் பூட்டினார். காற்றின் இரைச்சல் அறுந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் மிச்சம். பாலும் சந்தனமும் கலந்த மணம் அந்தச் சிறிய அறைக்குள் தங்கிவிட்டது.

அண்ணி தவநாயகி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. லண்டன் செவன் கிங்ஸ் வீட்டில் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர். ஜூலை மாதத்திலும் காலுறை போட்டிருப்பார். கழுத்திலும் நெஞ்சிலும் யூக்கலிப்டஸ் தைலம் தடவியிருப்பார். தர்சிகன் அந்த வீட்டுக்குள் காலை வைக்கும்போதெல்லாம் அண்ணியின் முதல் சொல் ஒன்றுதான். “கதவைச் சாத்தும் தம்பி, குளிருது.” ஆஸ்பத்திரியில் கடைசியாகப் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். “இஞ்சேருங்கோ, என்னை இந்தக் குளிர்த் தண்ணியிலை விட்டிடாதேங்கோ. கீரிமலைக்குக் கொண்டு போங்கோ.” பரமேஸ்வரன் ஓம் என்றார். தர்சிகனும் கட்டிலுக்கு அருகில் நின்றான்.

பரமேஸ்வரனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்தில் மூன்று நாள் மெசினில் இரத்தம் சுத்தமாக வேண்டும். இலங்கைக்கு, கீரிமலைக் கடலுக்குப் போய்வர அவரால் முடியாது. வேறொருவர் கையில் கொடுத்தனுப்பவும் மனம் வரவில்லை. செம்பு சாமியறையில் இருந்தது. அது இருக்கும்வரை அவர் நித்திரை கொள்ளவில்லை. கடைசியில் ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டார். “உன்னட்டைப் பிளேன் கிடக்குத்தானே,” என்றார்.

அதில் மூன்றில் ஒரு பங்குதான் அவனுடையது. ரொம்ஃபோர்டுக்கு அப்பால், லண்டன் வீடுகள் அலுத்துப்போய் வயல்களாகிற இடத்தில், ஒற்றை ஓடுபாதை உள்ள ஒரு சிறிய விமானத்தளத்தில் அது நின்றது. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். தர்சிகனுக்குத் தொழில் குளிரறை பழுதுபார்ப்பது. அப்டன் பார்க் மீன்கடைகளில் அவன் கை படாத பிரீசர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறப்பான்.

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ராகுகாலம் கழியட்டும் என்று பரமேஸ்வரன் காரைவிட்டு இறங்கவில்லை. இறங்கியபின் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தார்.

“இது எப்ப செய்தது?”

“சிக்ஸ்டி ஒன், அப்பா. உங்களை விட மூத்தது,” என்றாள் ஜெனோஜா.

“என்னை விட மூத்தது. மெசினிலை போடாமலே ஓடுது.”

ஏறும்போது ஜெனோஜா செம்பைத் தனக்குப் பக்கத்தில், தர்சிகனுக்குப் பின்னால் இருந்த காலி இருக்கையில் வைத்தாள். அதற்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். “அம்மாக்கும் போட்டாச்சு. சித்தப்பா, ஓகே, போங்கோ.”

இப்போது செம்பு வெறுமையாகப் பரமேஸ்வரனின் காலடியில் இருந்தது. அது இருந்த பின் இருக்கையில் பெல்ட் திறந்தபடி கிடந்தது.

தர்சிகன் மேற்கே திருப்பினான்.

ஜெனோஜா வலப்பக்க ஜன்னலில் கன்னத்தை அழுத்திப் பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூச்சில் கண்ணாடி மங்கும். ஸ்வெட்டர் கையால் துடைப்பாள். மறுபடி மங்கும். மறுபடி துடைப்பாள். அந்தப் பழைய வகை விமானத்தில் பின்னால் கண்ணாடி இல்லை. ஓட்டுபவனுக்கு வால் தெரியாது. பின்னால் இருப்பவர் இப்படிக் கன்னத்தை ஒட்டினால்தான் வாலின் கிடைச்சிறகு ஒரு சாண் அளவு தெரியும்.

“சித்தப்பா, வாலிலை அப்பியிருக்கு.”

“என்ன?”

ஹெட்போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. “அம்மா,” என்றாள்.

“காத்துக்குப் போயிடும்,” என்றான்.

போகாது என்று அவனுக்குத் தெரியும். கடல் மட்டத்திலேயே வெப்பம் பூச்சியத்துக்குப் பக்கம். மேலே அதைவிடக் குறைவு. ஈரமான சாம்பல் பட்ட இடத்திலேயே உறைந்திருக்கும். மீன்கடைப் பிரீசர்களில் அவன் பார்க்காததல்ல. வழவழப்பான தகட்டில் ஐஸ் பிடிக்கத் தயங்கும். கீறலில், துருவில், ஒட்டிக் காய்ந்த செதிலில் உடனே பிடிக்கும். ஆனால் ஐஸ் பிடிக்க ஈரக் காற்று வேண்டும். மேகம் வேண்டும். வானம் தெளிவாக இருந்தது. அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

தேம்ஸ் நதி வாயைத் திறக்கும் இடத்தில் மேகம் தொடங்கியது.

முதலில் அடிவானத்தில் ஒரு சாம்பல் கோடு. பிறகு கம்பளிப் போர்வை விரித்ததுபோல, கீழே இருந்த எல்லாவற்றையும் மூடி, லண்டன் முழுவதும். தர்சிகன் அதற்கு மேலே பறந்தான். மேலே குளிர்காலத்தின் முன்மாலை வெயில் மஞ்சளாக நின்றது. கீழே ஒன்றும் இல்லை. ரேடியோவில் தளத்துப் பெண்ணிடம் கேட்டான். மேகத்தின் அடி ஆயிரம் அடியில் இருக்கிறது, தரையில் உறைபனி, ஓடுபாதை தெளிவு என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. பின்னணியில் யாரோ கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைக்கும் சத்தம் கேட்டது.

மேகத்துக்குள் பறக்க அவனுக்கு அனுமதி இருந்தது. ஐஸுக்குள் பறக்க அந்த விமானத்துக்கு வசதி ஒன்றும் இல்லை. பெரிய விமானங்கள் இறக்கையைச் சூடாக்கும். இது வெறும் அலுமினியம்.

திரும்பிக் கடற்கரைப் பக்கம் போகலாம். அங்கே வானம் திறந்திருந்தது. ஏதாவது ஒரு தளத்தில் இறங்கி, ரயில் பிடித்து வீடு சேர இரவாகும்.

“அண்ணை, மெசின் எத்தினை மணிக்கு?”

“அஞ்சு.”

“ஒரு நாள் பிந்தினால்?”

பரமேஸ்வரன் தன் கால்களைப் பார்த்தார். கணுக்கால்கள் சப்பாத்து விளிம்புக்கு மேல் மாவுபோல உப்பியிருந்தன. “புதன்கிழமையும் போகேல்லை,” என்றார்.

“என்ன அப்பா?” ஜெனோஜா முன்னால் சாய்ந்தாள். “போனனான் எண்டுதானே சொன்னனீங்கள்?”

“செம்பை வீட்டிலை தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?”

அவருடைய மூச்சில் ஈரச்சத்தம் இருந்ததை தர்சிகன் அப்போதுதான் கவனித்தான். இரவுவரை அவர் தாங்குவாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. மேகம் இரண்டாயிரம் அடி தடிப்பு. சில நிமிட வேலை. எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். மூக்கைத் தாழ்த்தினான்.

வெயில் அணைந்தது.

உள்ளே வெள்ளையும் இல்லை, இருட்டும் இல்லை. கழுவாத பால்போத்தலுக்குள் இருப்பதுபோல ஒரு நிறம். கண்ணாடிக்கு வெளியே மேலும் கீழும் ஒன்றாக இருந்தன. எஞ்சின் சத்தம் கிட்ட வந்து காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. தர்சிகன் கண்களை மீட்டர்களில் வைத்தான். உயரம், திசை, வேகம். உயரம், திசை, வேகம். முன்கண்ணாடியின் மூலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெப்பமானியின் நுனியில் ஒரு வெண்புள்ளி வந்தது. அரிசி அளவு. பிறகு உளுந்து வடை ஓரம்போல மொரமொரவென்று. இறக்கையைத் தாங்கும் கம்பியின் முன்விளிம்பில் வெண்கோடு ஓடியது. கண்ணாடி ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

வேகம் கொஞ்சம் குறைந்தது. எஞ்சினைக் கொஞ்சம் கூட்டினான்.

“பயப்பிடாதேங்கோ,” என்றான். யாரும் பயம் என்று சொல்லியிருக்கவில்லை.

“சித்தப்பா.”

“சொல்லு.”

“வாலிலை இருக்கிறது பெரிசாகுது.”

“எல்லா இடமும்தான் பிடிக்குது. செட்டையைப் பார்.”

“செட்டையிலை வெள்ளை. வாலிலை வெள்ளை இல்லை. கிறே, சாம்பல் நிறம்.” கண்ணாடியைத் துடைக்கும் சத்தம். “முன்னுக்கு நீட்டிக்கொண்டு வருது.”

“ஐஸ் அப்பிடித்தான். காத்து வாற பக்கம்தான் வளரும்.”

அது உண்மை. அவன் உண்மையைத்தான் சொன்னான். மெல்லிய விளிம்பில் அதிகம் பிடிக்கும் என்பதும் உண்மை. இறக்கையைவிட வால் மெல்லியது. இறக்கையில் ஒரு விரல் தடிப்பு என்றால் வாலில் இரண்டு விரல்.

“விரல் மாதிரிக் கிடக்கு,” என்றாள் ஜெனோஜா.

அவன் எஞ்சினை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

“அஞ்சு,” என்றாள்.

பரமேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை மடியில் வைத்து முன்னால் பார்த்தபடி இருந்தார். முன்னால் பார்க்க ஒன்றும் இல்லை.

சத்தம் அப்போதுதான் தொடங்கியது. முதலில் எஞ்சின் அதிர்வு என்று தர்சிகன் நினைத்தான். அது எஞ்சினிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து, விமானத்தின் ஒடுங்கிய உடலின் கடைசி முனையிலிருந்து, உள்ளே வெறுமையாக இருக்கும் தகரக் குழாய் முழுவதும் எதிரொலித்து வந்தது. சுரண்டல். நிறுத்தம். சுரண்டல். பிரீசருக்குள் அகப்பட்ட கோழி இறைச்சிப் பையை நகத்தால் பெயர்ப்பது போல. மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடி அவன் கையில் நடுங்கியது. மெலிதாக. விட்டு விட்டு.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இறக்கையில் பிடித்த ஐஸைக் கண் காணும். வாலில் பிடித்த ஐஸைக் கைதான் காணும்.

அதோடு சேர்த்துச் சொன்னதும் நினைவிருந்தது. இறங்கும்போது எல்லா விமானியும் பிளாப்பை இறக்குவான். இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடு அது. வேகத்தைக் குறைக்கும். ஓடுபாதையில் மெதுவாகத் தொடவைக்கும். ஆனால் அதை இறக்கினால் காற்று வாலை வேறு கோணத்தில் அடிக்கும். சுத்தமான வால் தாங்கும். ஐஸ் பிடித்த வால் காற்றின் பிடியை விட்டுவிடும். வால் மேலே எழும். மூக்கு நேராகக் கீழே போகும். தரைக்குப் பக்கத்தில், திருத்த உயரமில்லாத இடத்தில். ஆகவே ஐஸ் பிடித்திருந்தால் பிளாப் வேண்டாம். வேகமாக வந்து வேகமாகத் தொடு.

பிளாப் வேண்டாம், என்று தனக்குள் சொன்னான். பிளாப் வேண்டாம்.

“தைலம் மணக்குது,” என்றாள் ஜெனோஜா.

மணத்தது. யூக்கலிப்டஸ். கழுத்துக்குப் பின்னால்.

“அப்பா, நீங்கள் பூசினனீங்களா?”

“இல்லை பிள்ளை.”

மேகம் கிழிந்தது.

கீழே லண்டன் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. எம் இருபத்தைந்து நெடுஞ்சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கார் ஊர்வலங்கள். வீட்டுக் கூரைகள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் விளக்குகள். உறைபனி படிந்த வயல். அதற்கப்பால், ஐஸ் மூடாத ஒரு கை அகலக் கண்ணாடிக்குள், ஓடுபாதையின் விளக்குகள். ஜெனோஜா “தாங்க் காட்” என்றாள். பரமேஸ்வரன்கூடப் பெருமூச்சு விட்டார்.

வெளியே வெப்பம் இன்னும் பூச்சியத்துக்குக் கீழேதான். ஒரு துளியும் உருகாது. அது அவனுக்குத் தெரியும். ஆனால் விளக்குகளைக் கண்டதும் உடம்பு வேறொரு கணக்கில் போனது. அந்தத் தளத்தில் எத்தனையோ தடவை இறங்கிய உடம்பு. இடக்கை கைப்பிடியில். வலக்கை எஞ்சினைக் குறைத்தது. பிறகு இருக்கைகளுக்கு நடுவே கீழே போனது. அங்கே பிளாப்பை இறக்கும் நெம்புகோல் இருந்தது. காரின் கைப்பிரேக் போல. முதல் பல்லுக்கு இழுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பல்லுக்கு இழுத்தது.

அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான்.

கைப்பிடி அவனிடமிருந்து பிடுங்கப்பட்டது. முன்னால். யாரோ மறுமுனையில் கயிறு கட்டி இழுத்ததுபோல.

மூக்கு விழுந்தது.

கண்ணாடி முழுவதும் வயல். உறைந்த உழவுச்சால்கள். ஜெனோஜாவின் கத்தல். செம்பு உருண்டு அவன் காலில் மோதியது. நெம்புகோலைத் தட்டிக் கீழே விட்டான். பிளாப் மேலே போனது. இனி மூக்கு மேலே திரும்ப வேண்டும். அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கைப்பிடியை இரண்டு கைகளாலும் இழுத்தான்.

வரவில்லை.

இழுத்தான். இருக்கையில் முதுகை ஊன்றி இழுத்தான். அது இறுகிய பாரம் இல்லை. மறுபக்கமும் இழுத்தது. அவன் இழுக்க, அதுவும் இழுத்தது.

“அண்ணை, பிடியுங்கோ! உங்கடை பக்கத்துப் பிடியைப் பிடியுங்கோ!”

பரமேஸ்வரன் பிடியைத் தொடவில்லை. ஜன்னலின் கொக்கியைத் தேடினார். உப்பிய விரல்கள் வழுக்கின.

“என்ன செய்யிறியள்!”

கொக்கி விடுபட்டது. ஜன்னல் மேலே வீசித் திறந்தது. காற்று உள்ளே அலறியது. தாள்கள் பறந்தன. பரமேஸ்வரன் தலையை வெளியே நீட்டி, வாலைப் பார்த்து, சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

“நாயகி. உள்ளை வாரும்.”

சுரண்டல் நின்றது.

“குளிரிலை நிக்காதையும். வாரும்.”

தகரத்தில் ஒரு சத்தம். வாலடியில். பிறகு கொஞ்சம் முன்னால். பிறகு இன்னும் கொஞ்சம் முன்னால். உள்ளங்கை வைக்கும் சத்தம். வைத்து, எடுத்து, வைத்து. ஜெனோஜாவின் ஜன்னலைத் தாண்டியது. அவள் கத்துவதை நிறுத்தினாள்.

ஜன்னல் அறைந்து மூடியது.

கைப்பிடி அவன் நெஞ்சுக்கு வந்தது.

மூக்கு எழுந்தது. வேலி கீழே போனது. ஓடுபாதை வந்தது. மிக வேகம். சக்கரம் அடித்தது, எழும்பியது, அடித்தது. பிரேக். விளக்குகள் இரண்டு பக்கமும் ஓடின. முடிந்தன. புல். குலுக்கல். புல். ஒரு மரவேலிக்கு முன்னால் விமானம் அரைவட்டம் அடித்து நின்றது.

எஞ்சினை நிறுத்தினான்.

அமைதி. சூடான உலோகம் டிக் டிக்கென்று சுருங்கியது. அவன் கழுத்தின் பின்பக்கம் குளிர்ந்தது. மூச்சு விடுவதுபோல. பின்னால் இருக்கையின் ஸ்பிரிங் ஒரு தடவை முனகியது. தர்சிகன் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்ரோல் மணத்தது.

“இறங்குங்கோ. எல்லாரும் இறங்குங்கோ. கெதியாய்.”

கதவைத் தள்ளிக் குதித்தான். ஓடுபாதையின் மறுகோடியில் தளத்து ஜீப்பின் விளக்குகள் எரிந்தன. இங்கே வர நேரமாகும். வெளிச்சம் வேகமாக வடிந்துகொண்டிருந்தது. போனின் விளக்கைப் போட்டான். வாலைப் பார்க்க வேண்டும். வேறெதற்கும் முன்பு அதைப் பார்க்க வேண்டும்.

இறக்கைகளின் முன்விளிம்பு முழுவதும் ஐஸ். கம்பிகளில் ஐஸ். சக்கரத் தாங்கியில் ஐஸ். கையை வைத்துத் தடவியபடி நடந்தான். சொரசொரப்பு. சொரசொரப்பு.

வாலில் ஒன்றும் இல்லை.

இடப்பக்கம் இல்லை. வலப்பக்கமும் இல்லை. வெறும் அலுமினியம். ஐஸ் இல்லை. சாம்பல் இல்லை. பாலின் கறைகூட இல்லை. நக்கித் துடைத்ததுபோல மினுங்கியது.

வலப்பக்க உடலில் விளக்கைப் பிடித்தான். வாலடியிலிருந்து முன்னால், ஓர் எட்டு இடைவெளி விட்டு, வெண்ணிறத் தடம். இன்னொன்று. இன்னொன்று. உறைபனி. கை அகலம். விரல்கள் முன்னால் பார்த்திருந்தன. பின் ஜன்னலுக்குக் கீழே ஒன்று. முன் ஜன்னலின் விளிம்பில், உள்ளே மடங்கியபடி, கடைசி நான்கு விரல்கள்.

முன் கதவுக்கருகில் புல்லில் பரமேஸ்வரன் நின்றார். கையில் செம்பு. அவருக்குப் பின்னால் கதவு சாத்தியிருந்தது. விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மூச்சு வாயிலிருந்து வெள்ளையாக வந்தது.

“பிள்ளை எங்கை?”

“உள்ளை.”

“ஏன் இறக்கேல்லை?”

“இறங்கு எண்டனான். தாய் விடேல்லை.”

“அண்ணை.” தர்சிகன் கிட்டப் போனான். “கதவை ஏன் சாத்தினியள்?”

பரமேஸ்வரன் செம்புக்குள் பார்த்தார். “சாத்தச் சொன்னவ,” என்றார். “குளிருதாம்.”

தர்சிகன் அவரைத் தள்ளிவிட்டுக் கதவின் கைப்பிடியைப் பிடித்தான். தோல் ஒட்டியது. கைப்பிடியைச் சுற்றி ஐஸ் பிடித்திருந்தது. கதவின் விளிம்பு முழுவதும் பிடித்திருந்தது. வெளியிலிருந்து அல்ல. உள்ளேயிருந்து கசிந்து வந்து இறுகியிருந்தது. இழுத்தான். அசையவில்லை. உள்ளங்கைத் தோல் கைப்பிடியில் தங்கியது. அவன் திறந்து குதித்த இடப்பக்கக் கதவும் கண்ணாடிக்கு அப்பால் சாத்தி, ஐஸ் பிடித்து இறுகியிருந்தது.

போன் விளக்கைப் பின் ஜன்னலில் வைத்தான்.

ஜெனோஜா இருக்கையில் இருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவனைப் பார்த்தபடி இருந்தன. தலை மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஒருவர் தோளில் சாய்வதுபோல. அங்கே தோள் இல்லை. காலியான இருக்கை. அதன் பெல்ட் பூட்டியிருந்தது. இறுக்கமாக. காற்றுக்குக் குறுக்கே. அவளுடைய தலைமயிர் நெற்றியிலிருந்து பின்னால் படிந்தது. மறுபடி படிந்தது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வெள்ளைக் கோடு மிஞ்சியது.

“ஜெனோஜா!” கண்ணாடியில் அடித்தான். “பிள்ளை!”

கண்கள் அசையவில்லை.

அவள் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான். மங்கட்டும் என்று காத்திருந்தான். அது தெளிவாக இருந்தது. தெளிவாகவே இருந்தது.

அப்பால், காலி இருக்கையின் பக்கத்துக் கண்ணாடி மெல்ல மங்கியது. தெளிந்தது.

மங்கியது.